பெரிய வெள்ளியன்று எடுத்த படம்

திண்டிவனத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. வாரத்தில் ஆறு நாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேரிங்கும் பெல்ட்டும் எடுத்துக் கொடுப்பேன். வீடு விழுப்புரத்தில். காலையில் ரயில், சாயங்காலம் பஸ். ஏழாவது நாள் என்னால் வீட்டில் உட்கார முடியாது. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கை வண்டிச் சாவியைத் தேடும். "கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்த ஆளு" என்பாள் மனைவி. சில ஞாயிறுகளில் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, நான் வீடு முழுக்கத் தேடுவதை வேடிக்கை பார்ப்பாள்.

சும்மா சுற்றுகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் கேமரா வாங்கினேன். முதலில் இயற்கைக் காட்சிகள். வீடூர் அணையில் விடியற்காலை, மரக்காணம் உப்பளத்தில் வெயில், செஞ்சிப் பாறைகளில் மேக நிழல். எதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. ஏரியை எடுத்தால் மலை கூப்பிட்டது. மலைக்குப் போனால் கடலுக்குப் போயிருக்கலாமே என்றிருந்தது. நல்ல வெளிச்சம் எப்போதும் நான் இல்லாத இடத்தில்தான் விழுகிறது என்று ஒரு எரிச்சல் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

விழுப்புரத்தில் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமைக் கேமராக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். அவர்களோடு சேர்ந்துதான் பாழடைந்த இடங்கள் மேல் பித்துப் பிடித்தது. மூடிப்போன ரைஸ்மில், கூரை போன சினிமா கொட்டகை, செங்கல் சூளை, ஆளில்லாத குவார்ட்டர்ஸ். ஏரி மாதிரி இவை மாறிக்கொண்டிருக்காது. போனால் இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாழடைந்த இடம் என்றால் பார்த்ததும் பாழடைந்ததாகத் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் குடம், பாலிதீன் பை, கொடியில் தொங்கும் நைட்டி, இவையெல்லாம் படத்தைக் கெடுக்கும். அதனால் முதலில் வெளிச்ச அளவு பார்க்க ஒரு படம் எடுப்போம். பிறகு கெடுப்பதையெல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டு நல்ல படத்தை எடுப்போம். ஃபிரேமைக் கழுவுவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். நகர்த்தியதைத் திரும்ப இருந்த இடத்தில் வைக்கும் பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. எனக்குச் சுத்தமாக இல்லை. எடுத்து முடித்ததும் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும்.

அந்தப் பழக்கத்தால் ஒரு பெண் குடியிருந்த வீட்டையே இழக்க இருந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று பெரிய வெள்ளி. பாங்க் லீவு என்றால் எங்கள் கடைக்கும் லீவு. இரும்பை கிராமத்துப் பக்கம் செம்மண் பள்ளங்களை எடுக்கலாம் என்று கிளம்பினேன். கண்டமங்கலம் தாண்டும்போது மணி எட்டு. பள்ளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும் என்று மனசு படபடத்தது. ஏதோ ஒரு மண் ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். அரை கிலோமீட்டரில் அந்த ஓட்டு வீடு.

முன்பக்கம் புயலில் சரிந்திருந்தது. ஓடு பாதி இல்லை. சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரே ஒரு அறை மட்டும் முழுசாக நின்றது. அதன் கதவில் துருப்பிடித்த பூட்டு. நிலைக்கு மேலே ஓலையில் முடைந்த ஒரு சிறு சிலுவை செருகியிருந்தது. வெயில் சரியாக அதன் மேல் சாய்ந்து விழுந்தது. அப்படி ஒரு வெளிச்சம்.

ஆனால் வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. துடைப்பம். நீலக் குடம். கொடிக்கயிறு. "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லிவிடக் கூடாதே என்று, மிகவும் மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. அளவுக்கு ஒரு படம் எடுத்தேன். பிறகு கழுவினேன். கயிற்றை அவிழ்த்தேன். செருப்பையும் துடைப்பத்தையும் வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன். குடத்தில் பாதித் தண்ணீர் இருந்தது, கொட்டிவிட்டுக் குடத்தையும் உருட்டிவிட்டேன். மழைத் தண்ணீர் என்று நினைத்தேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பத்தே நிமிடம். படம் எடுத்துவிட்டு ஓடிவிட்டேன்.

வீட்டில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பாழடைந்த வீட்டை வண்ணத்தில் போட்டால் எங்கள் குழுவில் சிரிப்பார்கள். வழக்கம்போல மற்ற படங்களை அழித்தேன். ஜூன் மாதம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் குழுவின் கண்காட்சி நடந்தது. என் படத்துக்கு முதல் பரிசு. கீழே ஒரு வரி எழுதச் சொன்னார்கள். "கண்டமங்கலம் அருகே, பல வருடங்களாக ஆளில்லாத வீடு" என்று எழுதினேன். பல வருடம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எழுத நன்றாக இருந்தது. படம் வாட்ஸ்அப்பில் என் பெயரோடும் அந்த வரியோடும் ஊரெல்லாம் சுற்றியது. நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். டிராக்டர் சாமான் வாங்க வந்த முகமாக இல்லை. கையில் என் படத்தின் ஜெராக்ஸ்.

"இந்தப் படம் எடுத்த சாரு நீங்களாங்க?"

"ஆமாங்க" என்றேன், பெருமையாகவே.

"இது என் வூடுங்க."

பக்கத்தில் ஒருவர் ஆயில் சீல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதை எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணின் கணவர் இறந்து நாலு வருடம். அந்த ஒற்றை அறையில் தனியாக இருந்துகொண்டு, பாண்டிச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலைக்குப் போய்வந்திருக்கிறார். மனை மாமனார் பேரில். கணவரின் தம்பி அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறார்.

"பெரிய வெள்ளிக்கு வெறுங்கால்ல சிலுவைப் பாதைக்குப் போறது வழக்கம்ங்க. செருப்பை வூட்லயே வுட்டுட்டு வெடியகாலைலயே கோயிலுக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா என் செருப்பு, தொடப்பம், கொடம் எல்லாம் வேலிக்கு அந்தாண்ட கெடக்குது. எங்க கொழுந்தனாருதான். காலி பண்ணு, காலி பண்ணுன்னு சொல்லிக்கினே இருந்தாரு. தொடப்பத்தையும் செருப்பையும் வீசினா என்னா அர்த்தம்ங்க? ஒண்டிப் பொம்பள. பயந்துக்கினு ஜல்தியா துணிய எடுத்துக்கினு பாண்டிக்கே போயிட்டேன். ரெண்டு மாசமா அந்தச் சமையக்கட்டுலதான் படுக்கை."

அவர் போனதும் வீடு நிஜமாகவே காலியானது. கொழுந்தனார் மனு கொடுத்தார். வி.ஏ.ஓ. வந்து பார்த்தபோது ஆள் இல்லை. கூடவே என் படத்தையும் இணைத்துவிட்டார்: பல வருடங்களாக ஆளில்லாத வீடு. அடுத்த வாரம் தாலுகா ஆபீஸில் விசாரணை.

"நீங்க எடுத்தப்ப நான் அங்கதான் இருந்தேன்னு சொல்லணும் சார். எனக்கு வேற எடம் கெடையாது."

வீசியது நான் என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். "பாக்கறேன்கா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் நான் பட்ட பாடு நாய் படாத பாடு. அளவுக்கு எடுத்த முதல் படம் கிடைத்தால் போதும். அதில் செருப்பு இருக்கிறது, குடம் இருக்கிறது. மெமரி கார்டைத் துருவினேன். அழித்ததை மீட்கும் மென்பொருளை இறக்கி ஓட்டினேன். அது யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்துப் படத்தில் பாதியைக் கொண்டுவந்து காட்டியது. ரயிலில் உட்கார முடியாமல் பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக வாசலில் போய் நின்றேன். மனைவியிடம் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. "செருப்பைப் பாத்தப்பவே ஆள் இருக்குன்னு தெரியலியா?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்தது என்றேன்.

கடைசியில் மிச்சம் இருந்தது பரிசு வாங்கிய படத்தின் அசல் மட்டும், நான் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதற்கு முன்னால் கேமராவில் இருந்த வண்ணப் படம். வேறு வழியில்லாமல் திறந்தேன். சாம்பல் நிறச் சுவர், துருப்பூட்டு, எல்லாம் வாடிப்போன நிறம். நிலைக்கு மேலே இருந்த ஓலைச் சிலுவை மட்டும் பச்சையும் இளமஞ்சளுமாக இருந்தது.

அந்தப் பெண் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு போன் செய்தேன். "அக்கா, கதவுக்கு மேல ஒரு ஓலை இருக்கே, அது என்னா?"

"குருத்தோலை ஞாயிறுக்குக் கோயில்ல மந்திரிச்சுக் குடுக்கறதுங்க. சிலுவையா முடைஞ்சு நெலையில சொருகுவோம்."

"அது எத்தினி வருஷம் இருக்கும்?"

"வருஷமா? போன வருஷத்து ஓலையத்தான் சாம்பல் புதனுக்கு முன்னாடியே கோயில்ல குடுத்துடுவோமே. அதை எரிச்ச சாம்பலைத்தான் சாமியாரு நெத்தியில பூசுவாரு. இது இந்த வருஷத்துது. பெரிய வெள்ளிக்கு அஞ்சு நாளு முன்னாடி நானே சொருகினது."

எனக்கு அது தெரியாது. போய்விட்டவர்கள் மறந்து விட்டுப்போன சிலுவை என்று நினைத்து, அதற்காகவே அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

விசாரணை நாளில் வண்ணப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். எடுத்த தேதியும் நேரமும் கேமராவிலேயே இருந்தன. அதிகாரி ஒரு பெண். படத்தைப் பார்த்தார். கொழுந்தனாரைப் பார்த்தார். ஒல்லியான, களைத்த மனிதர், வெள்ளைச் சட்டையின் காலர் நைந்திருந்தது.

"உங்க வீட்லயும் இந்த ஓலை இருக்கா?"

"இருக்குதுங்க, நெலை மேல."

"போன வருஷத்து ஓலை?"

"கோயில்ல குடுத்தாச்சுங்க" என்று சொன்னவர், சொன்னபிறகுதான் நின்றார்.

"அப்போ பல வருஷமா ஆளில்லாத வீட்ல பச்சை ஓலையை யாரு சொருகினது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு முடிந்திருக்கும். வந்த வேலை ஆகிவிட்டது. நான் மெல்ல எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அக்கா உடைந்து அழுதார்.

"வூட்டைக் கேட்ட, சரி. என் செருப்பையும் தொடப்பத்தையும் வீசினியே, நான் உனக்கு என்னா பண்ணேன்?"

"மாதா மேல சத்தியமா நான் தொடலை அண்ணி. மனைக்கு ஆசைப்பட்டேன், ஒத்துக்கறேன். ஜாமானைத் தொடலை."

அந்த அறையில் அவரை ஒருவரும் நம்பவில்லை. அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். கொழுந்தனார் எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அந்த மனிதர் எனக்கு யார்? ஒரு பொம்பளையைத் துரத்தப் பார்த்தவர்தானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"நான்தான் மேடம்" என்றேன். "வீசினது நான். படத்துல தெரியக் கூடாதுன்னு."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன், குடத்துத் தண்ணீரைக் கொட்டியது வரைக்கும். அதையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அந்த அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கொழுந்தனார்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனு தள்ளுபடியானது. வெளியே புங்க மரத்தடியில் அந்த அக்கா நின்றிருந்தார். நான் போய் நின்றேன்.

"ரெண்டு மாசமா அந்தாளுக்குச் சாபம் வுட்டுக்கினு இருந்தேன், கோயில்ல முட்டி போட்டு" என்றார். "ஒரு கொரலு குடுத்திருக்கலாமே தம்பி. பக்கத்துக் கொல்லையில ஆளு கடலைச் செடியில மல்லாட்டை ஆஞ்சிக்கினு இருந்திருப்பாங்க. யாராவது சொல்லியிருப்பாங்க."

"குடுத்தேன்கா."

"குடுத்தியா?"

"மெதுவா."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பரிசுக் கேடயத்தைக் குழுவிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

இந்த வருடம் குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுவாரம், வண்டியின் பின்னால் ஒரு புது நீலக் குடத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கட்டிக் கொடுத்தது மனைவி. கேமரா வீட்டில் இருந்தது. வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். முன்பக்கத்தில் புதிதாகத் தகரம் போட்டிருந்தார்கள். வாசலில் செருப்பு, துடைப்பம். கதவு ஒருக்களித்திருந்தது. நிலைக்கு மேலே புது ஓலை.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். பதில் வருவதற்குள் இன்னொரு தரம் கத்தினேன். கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார், என்னையும் குடத்தையும். "அங்கியே நில்லு தம்பி. செருப்பை எடுத்து உள்ள வச்சிட்டு வர்றேன்."