நாகராஜன் தூக்கிப் பார்த்த பெட்டிகள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் பெஹாலாவிலிருந்து தத்தாபாபு போன் செய்தார். கொல்கத்தாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். நலம் விசாரிக்கவில்லை. “பாக்ஷோபாபு சோலே கேலேன்” என்றார். பாக்ஷோ என்றால் வங்காளத்தில் பெட்டி. பெட்டி ஐயா போய்விட்டார். எங்கள் தெருவில் நாகராஜனுக்கு அதுதான் பெயர். இங்கே திருச்சியில் அவரைத் தெரிந்தவர் என் மனைவி ஒருத்திதான். அவளிடம் மட்டும் சொன்னேன்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தொண்ணூறுகளில் கிடர்பூர் துறைமுகத்தில் அவரும் நானும் ஒரே செக்‌ஷன், ஏறக்குறைய ஒரே வயது. அவர் திருநெல்வேலிக்காரர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளில் எது நசுங்கியது, எது நனைந்தது என்று பார்த்துச் சீட்டுக் கட்டுவது அவர் வேலை. சேதம் என்ன, கண்ட இடம் எது, பொறுப்பு யாருடையது என்று மூன்று வரி எழுதி, சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார். அந்தச் சீட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. அவருடைய கையெழுத்தை என் கையெழுத்தைவிட நன்றாக அறிவேன்.

பெஹாலாவின் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கேட்க ஆரம்பித்த காலம் அது. கம்பெனி கம்ப்யூட்டர் நமக்கு எட்டாது. கொல்கத்தாவிலேயே உள்ள சாந்தினி சௌக் கடைத்தெருவில் பாகம் பாகமாக வாங்கி, அங்கேயே ஒருவரைப் பிடித்துப் பூட்டிக்கொண்டு வருவோம். எல்லாவற்றையும் விசாரித்து வாங்குகிறவர்கள் கேபினட் என்ற வெளிக்கூட்டுக்கு வந்ததும், இருப்பதில் மலிவானதைக் காட்டிவிடுவார்கள். நாகராஜனுக்கு அது பொறுக்காது. “குடிவைக்கப் போறது யாருன்னு கேக்கீங்க. வீடு எப்படின்னு ஒருத்தரும் பாக்கலையே அண்ணாச்சி” என்பார். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான்.

அவர் கேபினட் பார்க்கும் அழகைப் பார்க்கவே சனிக்கிழமைகளில் நான் கூடப் போவேன். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு வெறும் விரலை உள்விளிம்பு முழுக்க ஓட்டுவார். மலிவுக் கூடுகளில் தகட்டை வெட்டியபடியே விட்டிருப்பார்கள், விரல் கிழியும். “இது ரத்தம் கேக்குது, வேண்டாம்” என்று தள்ளிவைப்பார். நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, தகடு உள்வாங்குகிறதா என்று பார்ப்பார். பெஹாலா ஈரத்துக்குத் துரு ஏறுமா என்று தெரிந்துகொள்ள, வெளியே தெரியாத மூலையில் காசால் சுரண்டுவார். திருகாணியைத் தானே பூட்டி ஓட்டை நேராக இருக்கிறதா என்று சோதிப்பார். கடைசியில் ஒற்றைக் கையால் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்வார். “மாச் கின்ச்சேன் நாகி, தாதா?” என்று கடைக்காரர் கேட்பார், மீனா வாங்குகிறீர்கள் என்று. நாகராஜன் என் பக்கம் திரும்பி, “மீனுன்னா செவுளப் பாத்தே சொல்லிருவேன்லா” என்பார். பிறகு மண்குவளையில் டீ குடித்துவிட்டு, மடியில் ஒரு கேபினட்டோடு பஸ்ஸில் திரும்புவோம். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இரண்டாயிரம் பிறந்த சில வருஷங்களில் ஏழு வீடுகளுக்கு ஒரே கடையில் ஏழு கேபினட் தேர்ந்து கொடுத்தார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் மின்சாரப் பெட்டியும் உள்ளேயே பொருத்தி வந்தவை. விளிம்பு சுத்தம், வர்ணம் கெட்டி, கையில் நல்ல கனம். அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு. அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அதன் முதுகிலிருந்து புகை வந்து, ஹார்ட் டிஸ்க் வரை கருகிவிட்டது. என் மகள் கல்லூரிக்காக மூன்று மாதம் உழைத்துச் சேர்த்த ப்ராஜெக்ட் மொத்தமும் போயிற்று. அவள் அழுததைப் பார்த்து எனக்குத் தலை கொதித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விநாயகர் சதுர்த்தி ஏற்பாடு பேச ஏழு குடும்பமும் எங்கள் வீட்டில் கூடியிருந்தது. எல்லார் முன்னிலையிலும் நாகராஜன் மின்சாரப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகல இரும்புத் துண்டு ஒன்று பசையால் ஒட்டியிருந்தது. கனம் காட்டுவதற்கு மட்டுமே வைத்தது. மற்றபடி பெட்டிக்குள் பெயருக்கு நாலு கம்பி. நான் கேட்டேன்: “கடைக்காரன் உங்களுக்கு எவ்வளவு குடுத்தான், நாகராஜன்?”

அவர் இரும்பைக் கைக்குட்டையால் துடைத்தார். “கைக்குக் கனம் தெரிஞ்சுது அண்ணாச்சி. எதோட கனம்னு பாக்காம விட்டுட்டேன்” என்றார். அன்றே மற்ற ஆறு வீட்டுக்கும் போய், “நான் சொன்னது தப்பு, போடாதீங்க” என்று சொல்லிப் பெட்டிகளைக் கழற்றினார். மறுநாள் லீவு போட்டு, ஏழு பெட்டிகளையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போய், கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றித் தரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் காசு வாங்குகிறவர் இல்லை என்பது அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போதே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் நாலு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன். அவர் ஊறுகாய் பாட்டிலை நீட்டுவார். பேச்சு ஊறுகாய்க்குப் போய்விடும்.

எனக்கு மாற்றலாகி ஊர் திரும்பியபோது, பிரிவு விழாவில் எல்லோரும் சேர்ந்து கடிகாரம் கொடுத்தார்கள். நாகராஜன் மட்டும் வங்காளப் பத்திரிகையில் சுற்றிச் சணல் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார். “ஊருக்குப் போய்ப் பிரிங்க” என்றார். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, அந்த இரும்புத் துண்டு. குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிரிக்கவே இல்லை. டிரங்குப் பெட்டிக்குள் அடியில் போட்டேன். அவர் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் அதை எடுத்துப் பிரித்தேன். இரும்போடு எங்கள் துறைமுகச் சீட்டு ஒன்று கோத்திருந்தது. அதே கையெழுத்து.

சேதம்: குழந்தையின் மூன்று மாத உழைப்பு.
கண்ட இடம்: அண்ணாச்சி வீடு, பெஹாலா.
பொறுப்பு: நாகராஜன்.

எனக்கும் கனம்தான் தெரிந்தது. எதன் கனம் என்று இத்தனை வருஷம் பார்க்கவில்லை.

பெஹாலாவில் அன்று என் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களே, நான் கேட்டதை நீங்கள் கேட்டீர்கள். இதையும் கேளுங்கள். நாகராஜன் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. நான் சொன்னது பொய், சொல்லும்போதே அது எனக்குத் தெரியும். அவருடைய சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. மூன்றாவது வரியில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.