கேறாது என்று நான் சொன்ன லென்ஸ்

பொழியூரில் ஒரு தேவாலயக் கல்யாணம்; நானும் ஸ்டான்லியும் ஆளுக்கொரு கேமராவோடு படம் எடுக்கப் போயிருந்தோம். பாதிரியார் தாலியை ஆசீர்வதிக்கத் தொடங்கிய நேரத்தில் ஸ்டான்லியின் லென்ஸ் நின்றுபோனது. காலையில் மாப்பிள்ளையைப் படகுப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தபோது மணல் புகுந்திருக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் மோட்டார் கரகரத்தது. ஃபோகஸ் வளையம் கையாலும் திரும்பவில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் பாறசாலையில் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தோம். எனக்கு அங்கே பதினோரு வருஷம், ஸ்டான்லிக்கு இரண்டு. முதலாளியின் மச்சான் துபாயிலிருந்து ஆட்டோஃபோகஸ் கேமரா ஒன்று கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த முதல் ஆட்டோஃபோகஸ் அதுதான். என் கையில்தான் வரும் என்று இருந்தேன். முதலாளி அதை ஸ்டான்லியிடம் கொடுத்தார்.

"சுகுமாரா, நீ பழைய கையாக்கும். உனக்கு ஃபோகஸ் கண்ணுலயே உண்டு. புதுசை அவன் படிக்கட்டும்" என்றார்.

பாராட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் அடுத்த மாதமே நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தவர்கள்கூட "அந்த ஆட்டோஃபோகஸ் பையன் வருவானா?" என்று கேட்டார்கள். பதினோரு வருஷம் நின்ற என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரம் அந்தக் கேமராவை எடுத்தேன். அதுவும் என் பழைய கேமராவும் ஒரே கம்பெனி. என் மேனுவல் 35 எம்.எம். லென்ஸை அதில் வைத்துத் திருப்பினேன். 'கிளிக்' என்று கேறிப் பொருந்தியது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்யாது. ஆனால் கையால் ஃபோகஸ் செய்து, கணக்குப் போட்டு அப்பெர்ச்சர் வைத்து, ஃபிளாஷில் தாராளமாக எடுக்கலாம். லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்பதில் ஒரு திருப்தி.

அன்று தேவாலயத்தில் லென்ஸ் நின்றதும் ஸ்டான்லி வியர்த்துப்போய் என்னிடம் வந்தான்.

"அண்ணா, அண்ணனுக்க பையில வேற லென்ஸ் உண்டுல்லா? இதுல கேறுமா?"

"கேறாது மக்கா. இது பழசு, அது ஆட்டோஃபோகஸ். லென்ஸ் மாட்டுற மவுண்டே வேறயாக்கும்."

உடனே நம்பிவிட்டான். நான் முன்னால் போய்த் தாலிகட்டு, மோதிரம், எல்லாவற்றையும் எடுத்தேன். அவன் கேமராவை நெஞ்சில் தொங்கவிட்டபடி தூணோரம் நின்றான். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

மறுவாரம், மணலில் கொண்டுபோய்ப் புதுசைக் கெடுத்தான் என்று சொல்லி முதலாளி கேமராவை அவனிடமிருந்து வாங்கி என்னிடம் தந்தார். "ஆட்டோ லென்ஸ் ரிப்பேருக்குப் போவுது. அது வாறது வரைக்கும் இதை வச்சு எடு" என்று என் பையிலிருந்த 35-ஐ எடுத்து எங்கள் இருவர் முன்னாலும் மாட்டினார். பொருந்தியது.

"ரெண்டுக்கும் ஒரே மவுண்டுல்லா? எலே ஸ்டான்லி, இதுகூட உனக்கு அறியாதா?"

ஸ்டான்லி என்னைப் பார்த்தான். நான் கேமராவின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"எனக்கு அறியாது, முதலாளி" என்றான் அவன். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நெய்யாற்றின்கரையில் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான். கேமரா பல வருஷம் என்னிடம் இருந்தது. ஒரு நாளும் அது எனக்குச் சொந்தமானதாகத் தோன்றவில்லை.

இப்போது என் கடைக்குப் பிள்ளைகள் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கொண்டுவந்து பழைய லென்ஸ் கேறுமா என்று கேட்கிறார்கள். போட்டிக் கடைக்காரனே கேட்டாலும் மாட்டிக் காட்டி, எது வேலை செய்யும், எது செய்யாது என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த தொழிலில் பொய் சொன்னால் கேட்பவன் நம்பித்தான் ஆகவேண்டும். அதனாலேயே சொல்லக் கூடாது. ஸ்டான்லியிடம் மட்டும் இன்னும் பேசவில்லை.