கிளிக்கு மாமியார் கற்றுக்கொடுத்த சொல்

ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமாகி ஆறேழு வருஷம் கழிந்தும் எனக்கு வயிறு திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீடு. என் வீட்டுக்காரர் திருச்சி மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருந்தார். காலையில் சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டிப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க நானும் மாமியாரும்தான். பேச்செல்லாம் என்னைப் பற்றி இருக்கும், என்னோடு இருக்காது.

ஒரு தடவை மருங்காபுரியிலிருந்து வந்த என் அண்ணன், பனைப்பொந்தில் எடுத்த கிளிக்குஞ்சு ஒன்றைத் துணிப்பையில் கொண்டுவந்தான். இறகு முளைக்காத சிவந்த உடம்பு. பொட்டுக்கடலையை மென்று விரல் நுனியில் வைத்து ஊட்டினேன். பச்சை பிடித்து வளர்ந்ததும், நான் சமைக்கும்போது தோளில் உட்கார்ந்து காதோரத்து முடியை அலகால் கோதிவிடும். அந்த வீட்டில் என்னை ஆசையாய்த் தொட்ட உயிர் அது ஒன்றுதான். பறந்துவிடக் கூடாதென்று என் வீட்டுக்காரர் கத்தரியால் அதன் இறக்கையை நறுக்கிவிடுவார்.

"அக்கா" சொல்லவைக்கப் பார்த்தேன். வரவில்லை. மாமியார் முந்திக்கொண்டார். நான் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் கூண்டுக்கு வெளியே கொய்யாத்துண்டைக் காட்டிக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஈரப்புடவையோடு உள்ளே நுழைந்தேன். கிளி என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டிச் சந்தோஷமாகக் கூப்பிட்டது.

"மலடி! மலடி!"

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "கிளிக்கே தெரிஞ்சிருக்கு பாரு."

அதைப் பொறுத்தவரை அது என் பெயர். பசித்தாலும் அப்படித்தான் கூப்பிடும். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அழுதுகொண்டே அதன் தலையைச் சொறிந்துவிடுவேன். அது கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சலாக, மெல்ல "மலடி" என்னும்.

அடுத்த வருஷம் நாள் தள்ளிப்போனது. டாக்டரம்மா உறுதியாகச் சொன்ன அன்றே மாமியாருக்குப் பயம் வந்துவிட்டது. மகனைக் கூப்பிட்டார்.

"வாயும் வயிறுமா இருக்கிறவ காதுல அந்த வார்த்தை விழக் கூடாது. அந்தச் சனியனைத் தொலைச்சுட்டு வா."

"நீங்கதானே அத்தை சொல்லிக்கொடுத்தீங்க?" என்றேன். அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நானா? உங்கண்ணன் கொண்டாந்த பீடை அது" என்றார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கிளியை அரிசிப்பையில் போட்டுச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து கை கழுவினார்.

"எங்கங்க விட்டீங்க?"

"கொள்ளிடத்து மணல்ல."

"அதால பறக்க முடியாதேங்க."

"எங்க பறக்குது? தத்தித் தத்தி என் பின்னாலயே வந்துச்சு. கல்லைத் தூக்கி வீசின பிறகுதான் நின்னுச்சு. சரி, சோத்தைப் போடு."

போட்டேன்.

விடிந்ததும், குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொள்ளிடத்துக்கு நடந்தேன். எந்தச் சத்தத்துக்கு அது வரும்? அதற்குத் தெரிந்த சொல் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையோடு அந்த மணலில் நின்று, "மலடி! மலடி!" என்று கத்தினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கிளியைத் தேடுகிறேன் என்றேன்.

"கருக்கல்ல ரெண்டு நாய் எதையோ இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. வீட்டுக்குப் போங்கம்மா."

போனேன். அதன் பிறகு பல மாதம், கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர என் வீட்டுக்காரரிடம் நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவேயில்லை.