ரிஸ்வானாவின் இரண்டு கேமராக்கள்

ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் வழியில் என் தையல் கடையும் சாதிக் பாஷாவின் மிளகு, காபித்தூள், தேன் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தச் சுவரைத் தாண்டி என் காதுக்கு வராத சங்கதி கிடையாது. என் பெயர் மேனகா, சொந்த ஊர் வாழவந்தி, வாய் கொஞ்சம் நீளம். பாஷாவின் மனைவி ரிஸ்வானாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "எழுதுங்கக்கா, எழுதற நேரமாச்சும் பேசாம இருப்பீங்க" என்று சிரித்தாள். இதில் வரும் மணப்பெண்ணிடமும் கேட்டுவிட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். அதனால் இங்கே அவள் கதீஜா.

ரிஸ்வானா கல்யாண போட்டோ எடுப்பவள். அதிலும் பெண்கள் பக்கம் மட்டும். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் போட்டோ எடுக்க ஆண் வரமாட்டார். பல வீடுகளில் அந்தப் பக்கம் படமே எடுத்ததில்லை. அங்கெல்லாம் இவள் உள்ளே போனதற்குக் காரணம் ஒரு வழக்கம். எடுத்து முடித்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி, எல்லார் முன்னாலும் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிடுவாள். பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, அவர்கள் சரி என்கிற படங்களை மட்டும் தன் சின்னப் பிரிண்டரில் போட்டுக் கொடுப்பாள். ஒரு படம்கூட அவளிடம் தங்காது. சேலத்திலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருவது இதற்காகத்தான்.

நான் லைட் பிடிக்கக் கூடவே போவேன். பிரியாணிக்காகப் போகிறேன் என்று பாஷா கிண்டல் செய்வார். பாதி உண்மைதான், மறுக்கவில்லை.

அவள் கையில் இருந்தது ஒரு ரேஞ்ச்பைண்டர் கேமரா. எஸ்டேட் மேடம் ஒருத்தர் ஊரைக் காலி செய்து போகும்போது கொடுத்தது. நல்ல கனம். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஆள் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் அமுக்க வேண்டும். அடித்தகட்டைக் கழற்றினால் ஒரு பேட்டரி, ஒரு கார்டு, அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கிற ஆளை அது எடுப்பதுபோல வேறு எதுவும் எடுக்காது. ஆனால் கல்யாணப் பெண்கள் உட்கார்ந்தா இருக்கிறார்கள்? இவள் வளையத்தைத் திருப்பி முடிப்பதற்குள் அழுதவள் கண்ணைத் துடைத்துவிடுவாள், கட்டிப்பிடித்தவள் போய்விடுவாள். ஒரு பெண் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "நொம்ப அழகா இருக்குதுங்க்கா. ஆனா இது நானுங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிஸ்வானா என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் பாஷா சேலத்தில் ஒரு கடையிலிருந்து மிர்ரர்லெஸ் என்கிற புது மாதிரிக் கேமரா ஒன்றை வாங்கிவந்தார். பழையதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

"ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் பாரு, ரிசு. புடிச்சா இது நம்மளுது. புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

அடேயப்பா, அந்தக் கேமரா! ஆள் எங்கே ஓடினாலும் அவள் கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை அமுக்கினால் சரசரவென்று எடுத்துத் தள்ளுகிறது, சத்தமே இல்லை. பாஷா கடையில் தேன் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்த என்னை அவள் எடுத்தது எனக்கே தெரியாது. என் முகம் இவ்வளவு லட்சணமா என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பழையதைத் தலையைச் சுற்றி எறிந்துவிடு என்று சொன்னதும் நான்தான்.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் போன முதல் கல்யாணம் கதீஜாவுடையது. பழ வியாபாரி ஷேக் தாவூத்தின் ஒரே மகள். சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டி, அவளுக்குக் கழுத்திலிருந்து தோள் வரை தழும்பு. விவரம் தெரிந்த நாள் முதல் கழுத்தை யாருக்கும் காட்டியதில்லை. கண்ணாடிகூட உயரத்தில்தான் மாட்டியிருப்பாள், முகம் மட்டும் தெரிகிற மாதிரி. கல்யாண ஜாக்கெட்டுக்குக் காலர் வைத்துத் தைத்தவள் நான், எனக்குத் தெரியும்.

நிக்காஹ் முடிந்து உள் அறையில் அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். எங்களைத் தவிர அவள் சித்தி மகள் மட்டும் இருந்தாள். கதீஜா கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, இப்படியே ஒண்ணு எடுங்க. கழுத்து தெரியட்டும். எனக்கு மட்டும் வேணும். வேற யாரும் பாக்கக் கூடாது."

ரிஸ்வானா கேமராவைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து சித்தி மகள், மாப்பிள்ளை கையெழுத்துப் போடும்போது பேனாவைத் தலைகீழாகப் பிடித்த கதையைச் சொன்னாள். கதீஜா தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், தழும்பு கிழும்பு எல்லாம் சேர்ந்து சிரித்தது. அத்தனையும் கேமராவில் விழுந்தது. பழையதாக இருந்தால் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். கிளம்பும்போது வழக்கம்போல கார்டைக் கழற்றி அவள் அம்மா கையில் கொடுத்தோம்.

மறுநாள் காலை பாஷா கடையில், கேமராவை வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். பாஷா ஏதோ பட்டனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கேமராவை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றார்.

"ரிசு, உள்ள படம் இருக்குது" என்றார், திரும்பாமல்.

கார்டே இல்லாத கேமராவில் படம் எப்படி இருக்கும்? ரிஸ்வானா நிமிர்த்திப் பார்த்தாள். கதீஜா சிரித்துக்கொண்டிருந்தாள், கழுத்து தெரிய. பேட்டரி போடும் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தோம். நாங்கள் கழற்றிய கார்டுக்குப் பக்கத்து இடுக்கில், போனில் போடுவதுபோல நகத்தளவில் இன்னொரு கார்டு. கடைக்காரர்கள் போட்டுவிட்டு எடுக்க மறந்தது. எடுப்பதையெல்லாம் கேமரா இரண்டிலும் எழுதியிருக்கிறது. ஒரே கார்டு போடும் கேமராவைப் பிடித்துப் பழகியவளுக்கு, இன்னொன்று இருக்குமா என்று தேடத் தோன்றவேயில்லை.

"அதை உடைச்சு அடுப்புல போடு. பாய் சொல்ல மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன். ஆருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுங்களே" என்றாள் ரிஸ்வானா.

"அடிப் பைத்தியமே, தெரிஞ்சா இனி ஒருத்தரும் உன்னை ஊட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க. உன் பொழப்பே போயிரும்!"

"சரிங்க்கா."

"என்ன சரி? இனிமே அந்தச் சின்ன கார்டைப் போடாம எடுத்தா முடிஞ்சு போச்சு. இவ்வளவு நல்ல கேமராவை வச்சுக்கிட்டு…"

"போடலைன்னு நமக்குத் தெரியும். கார்டை வாங்கற அம்மாவுக்கு எப்படிங்க தெரியும்? என் வாய்ச்சொல்லை நம்பணும். பழசுல அப்படி இல்லீங்க. தகட்டைக் கழட்டினா ஆரு வேணா பாத்துக்கலாம்."

அவள் வெளியே நின்ற பாஷாவைப் பார்த்தாள். "ஏனுங்க, இதைக் கடைக்கே திருப்பிக் குடுத்துருங்க" என்றாள். பாஷா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு வந்த கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டேன். ஆனாலும் ஷேக் தாவூத் வீட்டுக்கு அவளோடு நானும்தான் போனேன். தனியாக விட மனசு வரவில்லை. கதீஜா இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கவில்லை.

ரிஸ்வானா சுற்றி வளைக்கவில்லை. புதுக் கேமராவில் இன்னொரு கார்டு இருந்ததையும், தன் புருஷன் ஒரு படத்தைப் பார்த்துவிட்டதையும், அது எந்தப் படம் என்பதையும் சொன்னாள். கதீஜாவின் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"உன்னை நம்பித்தான உள்ள உட்டோம்? எங்க புள்ளைய நீயே இப்படிப் பண்ணுவியா? பொட்டியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராத!"

"தப்பு என்னுதுதாங்க, மாமி" என்றாள் ரிஸ்வானா. நான் வாயைத் திறக்கப் போனேன், என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கதீஜா எழுந்து உள்ளே போனாள். லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பெரிய கார்டைப் போட்டு, சிரிக்கிற படங்களைத் தேடி ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு சின்ன கார்டை வாங்கிப் போட்டு, அதிலும் அழித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கண்ணு? இனி ஆரும் பாக்கப் போறதில்லையே. அதை வச்சுக்க சாமி!"

"பாஷா அண்ணன் தப்பா ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டாருங்க்கா, எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "ஆனா இனிமே அந்தப் படத்தைப் பாத்தா நான் சிரிச்சது ஞாபகம் வராதுங்க. அவரு பாத்ததுதான் வரும்."

ரிஸ்வானா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அடக்க முடியவில்லை.

கதீஜா அவளை அழவிட்டாள். பிறகு, "பழைய கேமரா பையில இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருந்தது. அம்மாவை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரிஸ்வானா கண்ணைத் துடைத்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினாள். இரண்டும் ஒன்று சேரவில்லை போல. திரும்பவும் திருப்பினாள். கதீஜா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னதான் முயன்றும் உதடு விரியவில்லை. நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், எனக்கும் ஒன்றும் வரவில்லை.

"சிரிப்பு வர மாட்டேங்குதுங்க்கா" என்றாள் கதீஜா. "பரவால்லீங்க, இப்படியே எடுங்க."

ரிஸ்வானா எடுத்தாள்.