கீழ்க் கை

வடத்தை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். லிஃப்ட் மெக்கானிக். மேல்மாடி மோட்டார் அறையில் குனிந்து நின்று, பழைய துணி ஒன்றை இரும்பு வடத்தின் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓடவிடுவார். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டால் மற்றவர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். இவர், "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பார். கூட வேலை செய்பவர்கள் அவரை 'இன்னொருதடவை' என்றே கூப்பிட்டார்கள்.

"முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே நாற்காலியை ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காந்தார்" என்பாள் மனைவி. "ஆடுச்சு" என்பார் அவர்.

கயிறு கட்டிப் பாறை ஏறும் விளையாட்டுக்கு அவர் வந்ததும் சந்தேகத்தால்தான். பழைய கிடங்கு ஒன்றில் சரக்கு லிஃப்டைப் பழுதுபார்க்கப் போயிருந்தார். அடுத்த கூடத்தில், வண்ணக் குமிழ்கள் பதித்த உயரமான சுவரில் ஆட்கள் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் ஆட்களைப் பார்க்கவில்லை. கயிறு எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தார். கீழிருந்து தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்க வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும் என்றார்கள். ஏறினார். கொக்கிகள் ஒழுங்காக இருந்தன. கொஞ்சம் ஏமாற்றத்தோடு இறங்கினார். அடுத்த வாரம் மறுபடி போனார்.

அவரைப் பார்த்து மச்சினனும் வந்தான். மனைவியின் தம்பி, டைல்ஸ் கடையில் வேலை. மெலிந்த உடம்பு, நீண்ட கை. சீக்கிரமே அவரைத் தாண்டிப் போய்விட்டான். பிறகு அவன் ஏறுவதும் அவர் கீழே நின்று கயிறு பிடிப்பதும் என்று ஆனது. சுவரிலிருந்து நிஜப் பாறைக்குப் போனார்கள்.

கயிறு பிடிப்பவரின் இடுப்பில் ஓர் உலோக வளையம் இருக்கும். கயிறு அதற்குள் புகுந்து வெளியே வரும். வெளியே வரும் கயிற்றைப் பிடிப்பது கீழ்க் கை. ஏறுகிறவன் விழும்போது அந்தக் கை மூடியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏறுவதற்கு முன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்ப்பார். "கயிறு?" என்று ஏறுகிறவன் கேட்பான். "பிடிச்சிருக்கேன்" என்று பதில் வராமல் காலை எடுத்து வைக்க மாட்டான்.

ஊருக்கு வெளியே இருந்த பெரிய பாறையின் மேல் மச்சினன் வெகு நாளாகக் கண் வைத்திருந்தான். அதற்கு நாள் குறித்தபோதுதான் ஒரு மாலை மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பாறைக்குக் கயிறு பிடிக்க தம்பி வேற யாரையோ கேட்டு வச்சிருக்கானாம். உங்ககிட்ட சொன்னானா?"

சொல்லவில்லை.

மறுநாள் மச்சினனே வந்தான். பாறையைப் பற்றிப் பேசவில்லை. "மாமா, நான் போற எக்ஸர்சைஸ் கிளாஸுக்கு நீங்களும் வாங்களேன். கொஞ்ச நேரம்தான், ஆனா உயிரை எடுத்துடுவாங்க. மூச்சு வாங்குறது குறையும். முதல் வகுப்பு சும்மா."

"எதுக்கு சும்மா?"

"சும்மான்னா சும்மா மாமா."

சும்மா எதையும் யாரும் தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தனக்குத் தேர்வு வைக்கிறான் என்று நினைத்தார். தோற்றால் வேறு ஆளைக் கூட்டிப் போக ஒரு காரணம் கிடைத்துவிடும். சரி என்றார்.

பயிற்சி தருபவள் முன்னாள் நீச்சல்காரி. சுவரில் பெரிய கடிகாரம். அது ஓடும் வரை குப்புறப் படுத்து எழுந்து துள்ள வேண்டும், மரப்பெட்டி மேல் தாவ வேண்டும், காது வைத்த இரும்புக் குண்டைக் கால்களுக்கிடையே ஆட்டித் தூக்க வேண்டும். மணி அடித்தால் சற்று மூச்சு. மறுபடி முதலிலிருந்து. மற்றவர்கள் தாவத் தொடங்கிவிட்டார்கள். அவர் பெட்டியை நான்கு பக்கமும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பெட்டி ஆடாது. நீங்கதான் ஆடணும்."

குண்டை விரல் நுனியால் கவ்வினார், பாறை விளிம்பைப் பிடிப்பது போல. "குண்டு எங்கயும் ஓடிப்போகாது சார். உள்ளங்கையால பிடிங்க. விரல் நுனி உங்களுக்குப் பாறைக்கு வேணும்."

மூன்றாவது சுற்றில் கண் இருட்டியது. சுவரோரம் உட்கார்ந்தார். மச்சினன் தண்ணீர் நீட்டினான். மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. அதையும் கவனித்தார்.

வகுப்பு முடிந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏறுறவங்களுக்கு இழுக்க நல்லா வரும் சார், தள்ள வராது. அதனால உங்களுக்குத் தள்ளுற வேலைதான், தனியா தொங்கிப் பழக வேண்டாம். வாரம் ரெண்டு நாள் போதும். பாதி வேகத்துல ஆரம்பிங்க. ஏறப் போறதுக்கு முந்தின நாள் இந்தப் பக்கமே வராதீங்க."

"இவன் எத்தனை நாள் வரான்?"

"அவர் ரெண்டு வருஷமா பழகினவரு சார், அவரோட ஒப்பிடாதீங்க."

"ரெண்டு நாள் போதும் மாமா, தொங்கவும் வேண்டாம்" என்றான் மச்சினனும்.

வீடு வரும்வரை அவர் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். கூடம் நடத்துகிறவள் வராதே என்று சொல்வாளா? தினம் வா என்றல்லவா சொல்வார்கள்? பாதி வேகமாம். தொங்க வேண்டாமாம். இருவரும் ஒரே மாதிரி சொன்னதுதான் அவருக்கு உறுத்தியது. தன்னை மெதுவாக வைத்திருக்கப் பேசிவைத்திருக்கிறார்கள்.

வகுப்புக்கு இரண்டு நாள் போனார், பாதி வேகத்தில், மிகவும் பணிவாக. மற்ற நாட்களில் மதிய உணவு இடைவேளையில் மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மேலே இரும்பு உத்தரம் ஒன்று இருந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு அதில் விரல் நுனியால் தொங்கினார். இறங்கினார். படுத்து எழுந்து துள்ளினார். மறுபடி தொங்கினார். கீழே லிஃப்ட் போய் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, சோறு பிசையவே கஷ்டப்படுறீங்க?" என்றாள் மனைவி.

"சூடா இருக்கு."

"ஆறிப் போய் ஒரு மணி நேரம் ஆச்சு."

கயிறு பிடிக்க மச்சினன் கடைசியில் அவரையே கூப்பிட்டான். பாறைக்குப் போவதற்கு முந்தின நாள் வழக்கத்தைவிட அதிகமாகத் தொங்கினார். காலையில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. மனைவிதான் போட்டுவிட்டாள்.

பாறையடியில் குளிர் இருந்தது. மச்சினனின் முடிச்சைப் பார்த்தார். இடுப்புப் பட்டையைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். மச்சினன் சிரித்துக்கொண்டே திரும்பி நின்று காட்டினான். வளையம், பூட்டு, கயிறு, எல்லாம் சரி.

பாறையில் கை வைத்தபடி அவன் கேட்டான். "கயிறு?"

அவர் கீழ்க் கையை மூடினார். விரல்கள் பாதியில் நின்றன. இடது கையால் கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார். வலது கைக்குள் அது எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது.

ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் இந்தப் பாறை அவருடையது. அவன் விழாமலும் போகலாம்.

"கயிறு?" என்றான் மறுபடி.

"இல்ல."

"என்ன இல்ல?"

"கை இல்ல மாப்ள. மூடல."

மச்சினன் பாறையிலிருந்து கையை எடுத்தான். கிட்டே வந்து தன் மணிக்கட்டை நீட்டினான். "பிடிங்க." பிடித்தார். அவன் உருவிக்கொண்டான், சட்டைக் கையை உருவுவது போல.

"என்ன செஞ்சீங்க?"

"உத்தரத்துல தொங்கினேன். தினமும்."

"யாரு தொங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. வேண்டாம்னு ரெண்டு பேரும் சொன்னீங்க. அதான்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

"வேற ஆளைக் கேட்டு வச்சிருக்கியாமே" என்றார் அவர்.

"அக்கா சொல்லிடுச்சா? கேட்டேன். போன தடவை நான் விழுந்தேன்ல. கயிறு ஓடுச்சு மாமா. உங்களுக்கு மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு, கை லேட்டாத்தான் மூடுச்சு. ஒரு ஆள் உயரம் அதிகமா விழுந்தேன்."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா கயிறைக் கழட்டிட்டுப் போய் ஒரு வாரம் கயிறைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருப்பீங்க. அதான் கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அது உண்மைதான். கயிறு ஓடிய அன்று அவர் வளையத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், வீட்டுக்குப் போய்க் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவினார். தடவிய கையைப் பார்க்கவில்லை.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவர் விரலால் ஆகவில்லை. மச்சினனே அவிழ்த்தான்.

அடுத்த வாரம் அந்த வேறு ஆள் வந்தான். மருந்துக் கடைக்காரன். தோள்கள் அகலம், பேச்சு குறைவு. இவரை வர வேண்டாம் என்று மச்சினன் சொன்னான். கேட்கவில்லை. பாறையடியில் மருந்துக் கடைக்காரன் வளையத்தில் கயிறு கோத்து நின்றபோது, இவர் முடிச்சைப் பார்க்கவில்லை. அவன் முன்னால் போய் நின்றார்.

"நேத்து எதுலயாவது தொங்கினியா?"

"இல்லைங்க."

"கையை மூடு."

மூடினான். கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தன் விரல்கள் இன்னும் சரியாகவில்லை, அதனால் வராமல் இருக்கலாம் என்று தோன்றியது.

"மாப்ள, நீ வந்து இழுத்துப் பாரு" என்றார். "இன்னொரு தடவை."