தலைக்கட்டு இல்லாத வீடுகள்

"எண்ணூர்க் குப்பத்தில் பட்டியலை மக்களே போட்டார்கள். ஒரு வீடும் விடுபடவில்லை" என்று எங்கள் வியாசர்பாடிக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்ன தொண்டு நிறுவன இயக்குநர் பொய் சொன்னார். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சுனாமிக்கு மறு வருஷம். அந்தக் குப்பத்துக்குப் புது வீடுகள் வரப்போகின்றன. யாருக்கு வீடு என்பதை அதிகாரி எழுதாமல் ஊரே எழுதியது. அடுத்து எங்கள் தெருவுக்கு வரும் வீடுகளுக்கும் அதே முறைதான். "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று இயக்குநரே சொன்னதால், பெண்கள் குழு என்னை அனுப்பியது. பட்டியல் என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது. ரேஷன் அட்டைக்கு எழுதினபோது எங்கள் வரிசையையே விட்டுவிட்டார்கள். நாலு வருஷம் அலைந்தேன்.

காலை 8.40. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில். எண்ணூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். தண்டையார்பேட்டை தாண்டியதும் எண்ணெய் நாற்றம் ஏறியது. விம்கோ நகர் கேட்டில் மணலி டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றன. பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தவில்லை. தினமும் வருகிறவர்கள்.

9.20. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, மூன்று ரூபாய். குப்பத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் சிரித்தார்.

"பட்டியல் குப்பமாக்கா? வாரத்துக்கு ரெண்டு வேன் வந்து பாத்துகினு போவுது. வண்டலூர் ஜூவுல கூட இவ்ளோ கும்பல் கெடயாது."

"வீடு வந்துச்சா?"

"வேன்தான் வந்துகினு கீது."

குப்பத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் பழி அந்த ஊர் தலையில் விழும்.

10 மணி. ஊர்ப் பொதுக்கூடத்துச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. ஊர் நிர்வாகி கோதண்டம், அறுபது வயதுக்காரர், விரலை வைத்து ஒவ்வொரு பேராகக் காட்டினார். அவருக்குப் பெருமை. எந்த அதிகாரியும் இதுவரை அவர்களைக் கேட்டு எதையும் எழுதியதில்லை.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு இயக்குநர் சார் இத்த தாசில்தார் ஆபீசுல குடுத்துடுவார். அப்பால ஒரு பேரும் சேராது" என்றார்.

நான் மேலிருந்து கீழே படித்தேன். எல்லாம் ஆண் பெயர்கள்.

"அண்ணாத்த, புருஷன் இல்லாத வூடு ஒண்ணுகூடவா இல்ல?"

"அது தலைக்கட்டுக் கணக்கும்மா. வழக்கம்."

கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியும் மீன் பங்கும் அந்தக் கணக்கில்தான். புருஷன் செத்துவிட்டால், பாவம் என்று அந்த வீட்டை வரியிலிருந்து எடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் பட்டியல் போடச் சொன்னதும் அவர்கள் வரி நோட்டைத்தான் எடுத்தார்கள். பார்த்து அப்படியே எழுதினார்கள். யாரும் வஞ்சகம் செய்யவில்லை. இரக்கப்பட்டு எடுத்த பெயர் வீட்டுக்கும் இல்லாமல் போனது. கோதண்டம் விரல் விட்டு எண்ணினார்: அப்படி ஆறு பெண்கள்.

11 மணி. அந்த ஆறில் ஒருத்தி தேசம்மா. கருவாடு காயப்போட்டு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழாமல் மேலே பழைய புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள். குடிசையின் கடல் பக்கத்துச் சுவர் இன்னும் தார்ப்பாய்தான்.

"எம் பேரு கீதுன்னு சொன்னாங்களே யக்கா."

"இல்லம்மா. நான் படிச்சேன்."

புடவையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "இந்தக் குடிசைங்கள பிரிச்சிட்டுத்தான் புது வூடு கட்டறாங்களாம். அப்ப நான் எங்க போறது? நீ சத்தம் கித்தம் போட்டுடாத யக்கா. ரயில் ஏறிப் பூடுவ. நான் இவுங்க கூடத்தான் கெடக்கணும்."

அவள் சொன்னது சரி. அதனால் சத்தம் போடாமல் கோதண்டத்திடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார். ஊர் கூடினால்தான் பெயர் சேர்க்க முடியும். ஆண்கள் கடலில் இருக்கிறார்கள். காத்திருந்தோம். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. நான் மணி கேட்டுக் கேட்டு டீக்கடைக்காரர் கடிகாரத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

2.15. படகுகள் கரையேறின. 2.45க்குக் கூட்டம். பெண்கள் உட்காரக் கூடாதாம். தேசம்மா வெளியே படகோரம் நின்றாள். நான் உட்கார்ந்தேன்.

"வியாசர்பாடிக்காரி எங்க ஊருக்கு நாட்டாமையா?" என்றான் ஒருத்தன்.

"நாட்டாம வாணாம் நைனா. பேனாவ மட்டும் குடு."

சிரித்தார்கள். ஆனால் இன்னொருவன் சிரிக்காமல் கேட்டான்: "ஆறு வூடு சேத்தா நம்ம வூடு ஆறு கொறஞ்சிட்டா?" எல்லாருக்கும் இருந்த பயம் அதுதான்.

கோதண்டம் எழுந்தார். "அவுங்களுக்கு வரி வாணாம்னு சொன்னது நாம. வூடு வாணாம்னு யாருனா சொன்னோமா? சொல்றவன் எழுந்து சொல்லு."

யாரும் எழவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் அவரே ஆறு பெயரையும் எழுதினார். எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் போட்டார்கள். அப்போது மணி 3.40.

இயக்குநரின் அலுவலகம் திருவொற்றியூரில், ஆறு கிலோமீட்டர். நான், கோதண்டம், தேசம்மா மூவரும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்றன. இருபது நிமிஷம் ஆட்டோ நகரவில்லை. இறங்கி வெயிலில் நடந்தோம். தேசம்மா செருப்பில்லாமல் எனக்கு முன்னால் ஓட்டமாகப் போனாள். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். வியர்வையில் மை கரையுமோ என்று வழியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

4.35. இயக்குநர் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். தாளைப் படித்தார்.

"பட்டியல் நேற்றே போய்விட்டதே."

"இன்னிக்கு அஞ்சு மணின்னு சொன்னீங்களே சார்" என்றார் கோதண்டம்.

"நீங்கள் இழுத்தடிக்காமல் இருக்க ஒரு நேரம் சொல்வோம். மேலும், அது மக்கள் போட்ட பட்டியல். நான் கை வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை."

"நாங்கதான் சார் மக்கள். இதோ கையெழுத்து" என்றார் கோதண்டம் மறுபடியும்.

போன் வந்தது. அவர் தாளோடு எழுந்து உள்ளே போனார். ஐந்தரை வரை வெளியே வரவில்லை. தேசம்மாவின் டீயில் ஆடை படிந்திருந்தது. தாளை வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக்கூட எங்களுக்குத் தரவில்லை.

6.10. திருவொற்றியூரிலிருந்து திரும்பும் ரயிலில் எனக்கு என் தெரு பயமாக இருந்தது. மீனவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. எங்கள் தெருவில் திருவிழா வரி வசூலிக்க நோட்டோடு வீடுவீடாகப் போகும்போது வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடுவோம், பாவம் என்று. நாளைக்கு எங்களிடம் பேனாவைக் கொடுத்தால் நாங்களும் அந்த நோட்டைத்தான் எடுப்போம். மக்களே எழுதினாலும் பிழை வரும். பிழையைத் திருத்தவும் அதே மக்களை விட வேண்டும். இயக்குநர் எழுத மட்டும் விட்டார், திருத்த விடவில்லை. பழியை மட்டும் அவர்கள் தலையில் போட்டார்.

இயக்குநர் ஐயா, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் தெருவில் கூட்டம். மைக் இருக்கும். அறைக்குள் கூப்பிட்டுப் பேச வேண்டாம், டீயும் வேண்டாம். முந்தின நாளே அனுப்பிவிட்ட பட்டியலுக்கு ஏன் ஐந்து மணி என்று சொன்னீர்கள்? ஊரே கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது? கோதண்டமும் தேசம்மாவும் வருகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: அந்த ஆறு பேருக்கும் வீடு உண்டா, இல்லையா?