'பந்தே' என்று சொல்லிவிட்டுப் போனவர்

நான் பத்தாவது வரைதான் படித்தேன் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். படிக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரவில்லை, கம்பெனி பஸ்ஸில் வந்தது. மத்திகிரியில் ஏறினால் ஓசூரைத் தாண்டித் தொழிற்சாலை போய்ச் சேர முக்கால் மணி நேரம். மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். நான் நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகத்தை விரிப்பேன். நல்ல கதையாக இருந்துவிட்டால் இறங்க வேண்டிய இடம் வந்ததே தெரியாது.

அந்த நூலகத்துப் பலகையில்தான் அறிவிப்பைப் பார்த்தேன். இதுவரை ஒரு கதைகூட அச்சில் வராதவர்கள் எழுதி அனுப்பலாம், தேர்வாகும் கதைகளைப் புத்தகமாகப் போடுவோம் என்று ஒரு பதிப்பகம் ஒட்டியிருந்தது. மூன்று தடவை படித்தேன். என்னைத்தான் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

எங்கள் லைனில் என்னோடு வேலை பார்த்த கன்னடக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினேன். வேறு ஊர்க் கம்பெனிக்குப் போய்விட்டவர், அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை. எழுதியதை உங்கள் அம்மாவிடம் கொடுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள்.

"ஏங்க, உங்க கம்பெனியில எல்லாரும் ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரிதான் பேசிக்குவீங்களா?"

கோபம் வந்தது. மறுநாள் பஸ்ஸில் எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. மெஷின் நின்றுபோனால் எங்களில் யாரும் 'இயந்திரம் பழுதடைந்துவிட்டது' என்று சொல்வதில்லை. பேச்சையெல்லாம் நாங்கள் பேசுகிறபடியே மாற்றி எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், பதிப்பகத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கதை பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம் என்றார்.

"கடைசியில அவர் 'பந்தே'ன்னு சொல்லிட்டுப் போறார்னு எழுதியிருக்கீங்க. எழுத்துப்பிழையா சார்? கதையில பந்து எதுவும் வரலையே."

சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அது கன்னடம் என்பதே எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை. லைனை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால் தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் எல்லாருமே 'பந்தே' என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம். 'வந்தேன்' என்று அர்த்தம். இதோ வந்துவிடுவேன் என்பதற்கு அப்படிச் சொல்வது.

அப்படியானால் 'வந்துடறேன்' என்று மாற்றிவிடலாமா என்று கேட்டார். சரி என்றால் வேலை முடிந்தது. மறுத்தால் புத்தகத்தில் இடம் போய்விடுமோ என்று பயம். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"மாத்த வேணாங்க மேடம்," என்றேன். "வந்துடறேன்னா இனிமேதான் வரணும். இவரு போறப்பவே வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் வரவே இல்ல. என் கதையே அவ்வளவுதாங்க."

அந்த அம்மா 'பந்தே' என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, கன்னடமே தெரியாதவருக்கு இது எப்படிப் புரியும், அடிக்குறிப்பு இல்லாமல் புரிய வைத்தால் இருக்கட்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்றார்.

மூன்று நாள் பஸ்ஸில் அந்த ஒரு சொல்லோடுதான் உட்கார்ந்திருந்தேன். அர்த்தம் சொல்லி ஒரு வரி எழுதினேன். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது, அடித்தேன். வியாழக்கிழமைதான் பிடிபட்டது. முதல் பக்கத்தில் அவர் 'பந்தே' என்று போகிறார், இரண்டு டீயோடு திரும்பி வருகிறார். நடுவில் 'பந்தே' என்று போகிறார், ஸ்பேனரோடு வருகிறார். கடைசியில் 'பந்தே' என்று பையை மாட்டிக்கொண்டு போகிறார். விளக்கம் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் எழுத வந்தாலும் இதைச் செய்து பாருங்கள். படிக்கிறவர் புத்திசாலி. இரண்டு தடவை காட்டினால் மூன்றாவதை அவரே பிடித்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அனுப்பிய கதை ஒரு எழுத்தும் மாறாமல் அச்சில் வந்தது. கிருஷ்ணகிரியில் நடந்த வெளியீட்டு விழாவில் வாசிக்கச் சொன்னார்கள். டீயோடு வந்த இடத்தில் நம் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் கவலை மற்றவர்களைப் பற்றித்தான்.

வாசித்து இறங்கியதும் ஒருவர் வழிமறித்தார். திருநெல்வேலிக்காரர், ஓசூருக்கு வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். கதையில் போனவர் திரும்பி வந்தாரா இல்லையா என்று என்னிடமே கேட்டார். இல்லை என்றேன்.

"அதெப்படி அண்ணாச்சி," என்றார், நான்தான் அவரைப் போகவிட்டவன் மாதிரி. "பந்தேன்னுல்லா சொல்லிட்டுப் போனாரு."

அன்றைக்குத்தான் நான் எழுத்தாளன் ஆனேன், பிள்ளைகளே.